வாபஸ் கேட்டு ஒருவர் வருவார்

சின்னப்பன் ஒரு காலத்தில் தனசேகருக்கு முப்பத்தைந்தாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் கணக்கு அது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. சொந்தமாக ஒரு கலவை மெஷின் வாங்க வேண்டும் என்று சின்னப்பன் சொன்னார். தனசேகர் தன் ஹார்டுவேர் கடை கல்லாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு மாதத்தில் அதை அடைத்தாயிற்று. வேண்டாம் என்று சொன்ன வட்டியையும் சேர்த்து அடைத்தாயிற்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, வேங்கைவாசலில் பதிமூன்று வயதில் மண் சட்டி தூக்க ஆரம்பித்த ஆள், வாங்கிய கடனை இப்படி அடைத்தான் என்று சொன்னால் படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த மெஷின் ஒன்று மூன்றானது. மாடம்பாக்கத்தில் தளம் போடுவது என்றால் சின்னப்பன்தான், அதில் இரண்டு பேச்சு இல்லை. அவருடைய வார்டில் மட்டும் நூற்று எழுபது தளம் அவர் கலவை. மழைக்கு ஒழுகுகிறது என்று ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வந்ததில்லை. இன்ஜினியர்கள் பேப்பரில் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்துத் தண்ணீர் அளவு சொல்லிவிடுவார்.

கடன் அடைந்த பிறகும் இருவருக்கும் நடுவில் ஒரு பழக்கம் தங்கியது. அதுதான் வாபஸ்.

இரண்டாயிரத்து ஒன்றில் தனசேகர் பேரூராட்சி வார்டுக்குக் கட்சி சார்பில் நின்றார். ஏதாவது வரி பாக்கி, ஏதாவது கையெழுத்துக் குறை என்று தன் மனு தள்ளுபடியாகிவிட்டால் கை வெறுங்கையாகிவிடும் என்று அவருக்குப் பயம். நம்பிக்கையான ஒருவர் சுயேச்சையாக ஒரு மனு போட்டு வைக்க வேண்டும். தனசேகர் மனுவை ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அந்த ஆள் வாபஸ் வாங்கிவிட வேண்டும். வாங்காமல் எதிர்ப்பக்கம் விலை போய்விடாத ஆளாகவும் இருக்க வேண்டும். தனசேகர் யோசிக்கவே இல்லை, நேராகச் சின்னப்பன் வீட்டுக்கு வந்தார்.

அந்தத் தேர்தல், அடுத்தது, அதற்கடுத்தது என்று மூன்று தடவை சின்னப்பன் மனு போட்டு மூன்று தடவையும் வாபஸ் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு இன்னொரு தடவை மனு போட்டதோடு தேர்தலே நின்று போனது. டெபாசிட் பணம் தனசேகருடையது. வாபஸ் வாங்கியவருக்கு அது திரும்ப வந்துவிடும். வந்த ரூபாயை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

இதில் ஒரு மரியாதை இருந்தது. எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த விஷயம்தான் என்றாலும், வாபஸ் நாளன்று காலையில் தனசேகர் மனைவி புஷ்பலதாவோடு கார் எடுத்துக்கொண்டு வருவார். தட்டில் ஆப்பிள், சாத்துக்குடி. உட்கார்ந்து, "அண்ணா, எனக்காக நீங்க விட்டுக் குடுக்கணும்" என்று கேட்பார். சின்னப்பன் மனைவி ஏஞ்சல் மேரி இட்லியும் வடகறியும் செய்து வைத்திருப்பாள். சாப்பிட்டு முடிக்கும் வரை சின்னப்பன் பதில் சொல்ல மாட்டார். கை கழுவிய பிறகு, "நீ கேட்டா நான் இல்லேன்னு சொல்வனா" என்பார். அதன் பிறகு எல்லோருமாக ஒரே காரில் தேர்தல் ஆபீசுக்குப் போவார்கள். தெருவே பார்க்கும்.

வாபஸ் சட்டம் அவருக்கு அத்துப்படி. டீக்கடையில் யார் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்வார்: எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். வேட்பாளர் நேர்ல போகணும். இல்லேன்னா முன்மொழிஞ்சவரோ ஏஜென்டோ எழுத்துல அதிகாரம் வாங்கிக்கினு போகணும். கடைசி நாள் மூணு மணிக்குள்ள குடுக்கணும். குடுத்துட்டு, அய்யோ வேணாம்னு திருப்பி வாங்க முடியாது. "வக்கீல் கூட இவ்ளோ தெளிவா சொல்ல மாட்டான்" என்று முடிப்பார்.

மாடம்பாக்கத்தையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சியாகி முதல் தேர்தல் வந்தபோது ஏஞ்சல் மேரி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கொரோனாவின் இரண்டாவது அலையில், மே மாதம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸில் சின்னப்பனை ஏற்றவில்லை. மகள் ஷீலா கோயம்புத்தூரில்; ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து பத்து நிமிஷம் பேசுவாள். கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் வாடகையைப் போனிலேயே அனுப்பிவிடுவார்கள். மாதம் பிறந்தால் மாடிப்படி ஏறி வருவதும் நின்றுவிட்டது. மெஷின்களை ஆள் வைத்து ஓட்டினார். காலையில் பேசியது போதும் என்று வாய் மூடினால் மறுநாள் காலைதான் திறக்கும்; அப்படி ஒரு வீடாகிவிட்டது.

அதனால் தனசேகர், "அண்ணா, இந்த வாட்டியும் நீங்கதான்" என்று போன் பண்ணியபோது சின்னப்பன் வேண்டுமென்றே இருமி, "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அன்று சாயங்காலமே வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குப் போட்டார்.

இந்த முறை டெபாசிட் நாலாயிரம். தனசேகர் கொடுத்து அனுப்பினார். கட்சிப் பையன் கோபு முன்மொழிந்து கையெழுத்துப் போட்டான். பையன் என்று சொல்வது பழக்கத்தில். அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. பரிசீலனையில் தனசேகர் மனுவும் சரி, சின்னப்பன் மனுவும் சரி. மிச்சம் வாபஸ் மட்டும். திங்கட்கிழமை, மூன்று மணி வரை.

திங்கட்கிழமை விடியற்காலை நாலரைக்கே சின்னப்பன் எழுந்துவிட்டார். ஏஞ்சல் மேரியின் வடகறி அவருக்கு வராது. அகரம்தென் ரோட்டில் ஒரு கடையில் வாங்கி வந்து, கடையில் வாங்கியது தெரியக் கூடாது என்று எவர்சில்வர் பாத்திரத்தில் மாற்றினார். இட்லியை ஹாட்பாக்ஸில் வைத்தார். கூடத்தில் நாலு நாற்காலி போட்டார். பிறகு நாலு அதிகம் என்று ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். புஷ்பலதா வந்தால் எங்கே உட்காருவாள், ஏதாவது பிள்ளைகளைக் கூட்டி வந்தால் என்று நினைத்துத் திரும்பவும் கொண்டு வந்து போட்டார்.

எட்டரைக்குப் போன் அதிர்ந்தது. வாட்ஸ்அப்பில் தனசேகர் குரல்.

"அண்ணா, வணக்கம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள ஆபீஸ் போய் வாபஸ் குடுத்துடுங்க. கோபு பைக் எடுத்துக்கினு வருவான். மறக்காம டெபாசிட் ரசீதையும் எடுத்துக்கங்க. தேங்க்ஸ்ணா."

சின்னப்பன் அதை இரண்டு முறை கேட்டார். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் இருந்தது. வேலை மும்முரத்தில் பேசியிருக்கிறான், எப்படியும் தலையைக் காட்டுவான் என்று நினைத்துக்கொண்டார்.

பதினொன்றுக்குக் கோபு வந்தான். கையில் ஒரு ஹெல்மெட், தலையில் ஒன்று.

"இன்னாண்ணா, மாப்ள கணக்கா ரெடியாகி குந்தினுகீற. வா, ஒரே மிதி, போய்ட்டு வந்துர்லாம்."

"தனசேகரு எங்க?"

"அவரு பேஜார்ல கீறாருண்ணா. நம்ம பென்னி இல்ல, சர்ச் தெரு பென்னி, அவனும் சுயேச்சையா மனு போட்டுட்டான். சீட்டு குடுக்கலன்னு கோவம். அவன் நின்னா ஐந்நூறு அறுநூறு ஓட்டு பிச்சிக்கினு பூடும். அதான் காலைல ஏழு மணிலேருந்து அண்ணன் அவன் வூட்லயே டேரா. அண்ணியும் தட்டெல்லாம் எடுத்துக்கினு போய்க்கீது."

சர்ச் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் சின்னப்பன் வீட்டைத் தாண்டித்தான் தனசேகர் கார் போயிருக்க வேண்டும்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"வாணாண்ணா, லேட்டாச்சு."

"உக்காரு. வடகறி கீது."

கோபு நாலு இட்லி சாப்பிட்டான். "சூப்பரா கீதுண்ணா. கடையில வாங்கினதா?" என்றான்.

"நானே பண்ணது."

"அப்ப ஓட்டல் போட்டுடு. எதுக்கு எலெக்‌ஷன்ல நிக்கற?" என்று சிரித்துவிட்டு எழுந்து கை கழுவினான். "சரி, கெளம்பு."

"தனசேகரு வரட்டும்."

"அவரு எப்டி வருவாரு? நான்தான் வந்துக்கீறேன்ல?"

"நீ வந்தா எப்டி? நான் உனக்காவா மனு போட்டேன்?"

கோபு தலையைச் சொறிந்தான். "அண்ணா, பைக்ல குந்த சங்கடமா கீதுன்னா ஒண்ணு பண்ணலாம். நான்தான முன்மொழிஞ்சவன். நீ எழுத்துல அதிகாரம் குடுத்தா நானே போய் குடுத்துர்றேன். சட்டத்துலயே கீதாம்."

"சட்டத்த எனக்கே சொல்லித் தரியா?"

"இல்லண்ணா, தெரியாமத்தான்..."

"தெரியாமத்தான் பேசற. நீ ஏழாங்கிளாஸ் பெயிலு, நான் மூணாங்கிளாஸ் பாஸு. போய் தனசேகருகிட்ட சொல்லு. ஒரு நிமிஷம் வந்து இந்த நாற்காலில உக்காந்து கேட்டா போதும். அடுத்த நிமிஷம் நான் வண்டில ஏறிடுவேன்."

கோபு அவரையும் நாலு நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியவர் வம்பு பண்ணுகிறார், ஆனால் ஆட்டோ பிடித்தாவது போய்விடுவார் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். "சொல்றேன். நீ மட்டும் மூணு மணிய வுட்றாத" என்று சொல்லி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சின்னப்பன் சாப்பிடவில்லை, பிறகு வருகிறவர்களோடு சாப்பிடலாம் என்று இருந்தார். ரசீதும், கையெழுத்துப் போட்டு வைத்த வாபஸ் தாளும் சட்டைப் பையில் இருந்தன. அவர் வாபஸ் வாங்கத்தான் இருந்தார். தேர்தலில் நிற்கும் ஆசை அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவருக்கு வேண்டியது ஒருவர் வந்து, உட்கார்ந்து, கேட்பது.

இரண்டு மணிக்குத் தனசேகருக்குப் போன் பண்ணினார். மணி அடித்து நின்றது. இரண்டே காலுக்குத் தெருவில் கார் சத்தம் கேட்டது. பால்கனியில் போய் நின்றார். கீழ் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டி. வண்டிக்காரன் மேலே பார்த்து, "இன்னா பெரியவரே, கல்யாணத்துக்குக் கெளம்பிட்டியா?" என்றான். "ஆமா, போகணும்" என்றார்.

இரண்டரை. ஆபீஸ் இருப்பது கேம்ப் ரோடு தாண்டி. ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். இன்னும் போகலாம். பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு படி இறங்கினார். தெருமுனையில் ஆட்டோ ஒன்று சும்மாதான் நின்றது. கைதட்டினால் வரும். ஆனால் தான் இந்தப் பக்கம் ஆட்டோவில் போய், தனசேகர் அந்தப் பக்கம் காரில் வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டால்? இருபது வருஷத்தில் அவன் வராமல் இருந்ததே இல்லை. பென்னியை முடித்துவிட்டு வருவான். கடைசி நேரத்தில் வந்தாலும், வேட்பாளரே கூட இருக்கும்போது அதிகாரி ஐந்து நிமிஷம் பார்க்க மாட்டாரா?

இப்படி நினைத்தது வாபஸ் சட்டத்தை விரல் மடக்கிச் சொல்கிற அதே சின்னப்பன்தான். படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கூடத்துக் கடிகாரத்தில் முள் மூன்றைத் தாண்டியது.

மூன்று இருபதுக்குத் தனசேகர் கூப்பிட்டார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"வூட்ல."

"வாபஸ் குடுக்கலியா?"

"நீ வருவேன்னு பாத்தேன்."

"நான் எதுக்குண்ணா வரணும்? மெசேஜ் போட்டேன், கோபுவ அனுப்பினேன். பென்னியே வாபஸ் வாங்கிட்டான். நீங்க நிக்கறீங்க. உங்க பேரு ஓட்டு மெஷின்ல வரப் போவுது."

"பென்னி வூட்டுக்குப் போனியே, அப்டியே ரெண்டு நிமிஷம்..."

"அவன் வாங்க மாட்டேன்னான், போனேன். நீங்க வாங்கிடுவீங்கன்னு ஊருக்கே தெரியும். உங்க வூட்டுக்கு எதுக்கு வரணும்?"

பிறகு தனசேகர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்கண்ணா. அந்தப் பக்கம் எவ்ளோ குடுத்தாங்க?"

அதன் பிறகு போனில் யார் என்ன பேசினார்கள் என்று சின்னப்பனுக்கு நினைவில்லை. அவர் யாரிடமும் ஒரு டீ கூட ஓசியில் குடித்ததில்லை. சிமெண்ட் மூட்டை ஒன்று கணக்கில் அதிகம் வந்தால் திருப்பி அனுப்பியவர். அவரைப் பார்த்து இந்தக் கேள்வி.

மறுநாள் தனியாகவே பஸ் பிடித்து ஆபீசுக்குப் போனார். தேர்தல் அதிகாரியாக இருந்த அம்மா வயதுக்கு மரியாதை கொடுத்து உட்காரச் சொன்னாள்.

"நான் வாபஸ் வாங்கணும்மா."

"நேத்து மூணு மணியோட முடிஞ்சிடுச்சுங்க ஐயா. பட்டியல் ஒட்டிட்டோம். சின்னமும் குடுத்தாச்சு."

"என்னா சின்னம்?"

"அலமாரி."

"மூணு மணிக்கு மேல வாங்க முடியாதுன்னு தெரியும். நான்தான் எல்லாருக்கும் சொல்லுவேன்" என்றார். அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

வாக்குப்பதிவு வரை பன்னிரண்டு நாள். டீக்கடைக்கு அவர் போனால் பேச்சு நின்றது. ஒருவன் மட்டும், "அலமாரியில இன்னா வெச்சிக்கீற, பெரியவரே? கட்டு கட்டாவா?" என்று கேட்டான். மற்றவர்கள் கிளாஸுக்குள் சிரித்தார்கள். அன்றிலிருந்து டீயை வீட்டிலேயே போட்டுக்கொண்டார். ஷீலா மட்டும் ஞாயிறன்று, "எதுக்குப்பா இதெல்லாம், எங்கூட வந்துடுங்களேன்" என்றாள். "எலெக்‌ஷன் வேலை இருக்கும்மா" என்றார். அவள் அதை நம்பிவிட்டாள்.

தனசேகரின் பிரசார ஊர்வலம் மேளத்தோடு தெருவுக்குள் வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிட்டார்கள். சின்னப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வாசலில் நின்றார். மேளம் அவர் வீட்டுக்கு நேராக வந்தபோது தனசேகர் எதிர்ச்சாரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார். கோபு மட்டும் ஒரு நோட்டீஸை நீட்டப் போய், கையை மடக்கிக்கொண்டான்.

வாக்குப்பதிவு அன்று முதல் ஆளாகப் போய் நின்றார். மெஷினில் அவர் பேர் இருந்தது. ஏஞ்சல் மேரி இருந்திருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்துக் காட்டியிருப்பாள். ஆனால் பேரைப் படிக்க அவருக்கே தெரியும். எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் அலமாரி. ஏஜென்டாக உட்கார்ந்திருந்த கோபு எட்டிப் பார்க்கும் அளவுக்கு நேரமானது. பிறகு தனசேகரின் சின்னத்தில் அழுத்திவிட்டு வெளியே வந்தார்.

தனசேகர் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். சின்னப்பனுக்கு முப்பத்தொன்று.

டெபாசிட் போயிற்று, ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காதவருக்கு அது திரும்ப வராது. அன்று ராத்திரி அவர் பால்கனியில் உட்கார்ந்து அந்த முப்பத்தொரு பேரைத் தேடினார். கேட்காமல், நோட்டீஸ் இல்லாமல், மேளம் இல்லாமல் அவருக்கு யார் போட்டது? அவருடைய நூற்று எழுபது தளத்தையும் தெருத் தெருவாக நினைவில் ஏற்றினார். விளக்கு எரிகிற ஜன்னல்களைப் பார்த்தார். இவர்களா, அந்த மூலை வீட்டுக்காரரா, எண்ண எண்ண ஏழு பேருக்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஏழு பேரில் இரண்டு பேர் போன வருஷமே வீட்டை விற்றுவிட்டுப் போனவர்கள் என்று பிறகு ஞாபகம் வந்தது.

மறுநாள் பாங்கில் நாலாயிரம் எடுத்தார். புது நோட்டாகக் கேட்டு வாங்கினார்.

தனசேகர் வீட்டு வாசலில் பட்டாசுக் காகிதம் செக்கச் செவேல் என்று கிடந்தது. கூடம் முழுக்க சால்வை, மாலை, ஆட்கள். சின்னப்பன் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. கோபு எழுந்து நாற்காலி நகர்த்தினான். அவர் உட்காரவில்லை.

"வாங்கண்ணா" என்றார் தனசேகர். எழுந்திருக்கவில்லை.

"ஜெயிச்சிட்ட. சந்தோஷம்." சின்னப்பன் பையிலிருந்து கவரை எடுத்தார். "இது டெபாசிட் பணம். உன்னுது. நான் வாபஸ் வாங்கியிருந்தா உனக்குத் திரும்பி வந்திருக்கும். என்னாலதான் போச்சு."

"யாருண்ணா இப்ப பணம் கேட்டாங்க?" உள்ளேயிருந்து வந்த புஷ்பலதா பதறினாள். "பெரியவரு இப்டியெல்லாம் பண்ணலாமா? உள்ள வாங்க, சாப்டுங்க மொதல்ல."

"சாப்ட வரலம்மா. அந்தப் பக்கம் எவ்ளோ குடுத்தாங்கன்னு உங்க வூட்டுக்காரரு கேட்டாரு. பதில் சொல்ல வந்தேன். அந்தப் பக்கம் ஒண்ணும் குடுக்கல. நான்தான் குடுக்கணும், நாலாயிரம்."

புஷ்பலதா கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வை கேட்டது. சின்னப்பனும் தனசேகரைத்தான் பார்த்தார். வேண்டாண்ணா, உட்காருங்க என்று ஒரு வார்த்தை வந்தால் உட்காரலாம் என்று கால் இரண்டும் சொல்லின. நாற்காலி பின்னாலேயே இருந்தது.

தனசேகர் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார்.

"நான் கேட்டது தப்புதாண்ணா" என்றார்.

"சரி."

"ஆனா நீங்க பண்ணதும் தப்பு."

"அதுக்குத்தான் பணம்."

"விடு புஷ்பா, குடுக்கட்டும்" என்றார் தனசேகர். "அவரு யாருக்கும் பாக்கி வெச்சுக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு வலது கையை நீட்டி விரித்தார். சின்னப்பன் கவரைப் பிரித்தார். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று வாய்விட்டு எண்ணி, எட்டு நோட்டையும் ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தார்.